துருவேறிய இரும்புத்தூள்

இன்று ஆயுத பூஜை. பேரன் மோட்டார் பைக்கைக் கழுவிச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான். ஈர இரும்பும் சந்தனமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போன பிறகு வரும் முதல் பூஜை இது.

நாற்பதுகளில் அரியலூர்ப் பள்ளியில் நம் வகுப்புக்குப் பெண்கள் நாம் இருவர்தான். விஜயதசமியன்று பெற்றோர் முன்னால், பூமி எப்படி உண்டாயிற்று என்று நீ பேச வேண்டும். சூரியனைச் சுற்றிக் கிடந்த தூசியில் இரும்புத் துகள்களைத்தான் காந்த சக்தி முதலில் கூட்டியிருக்கும் என்றாய். எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, உன் மண்டையில் உதித்தது. அதைச் செய்து காட்ட, வண்டிப் பட்டறையில் அரத்தால் ராவும்போது விழுந்த தூளைக் கெஞ்சி வாங்கி வந்தாய். பேச்சு சரியாக அமையாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான் என்று உன் அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜையில் தூளையும் காந்தத்தையும் புத்தகங்களோடு சரஸ்வதி முன் வைத்தாய். சாமிக்கு வைப்பது சுத்தமாக இருக்க வேண்டுமே என்று உன் அம்மா தூளை நன்றாக அலசிச் சந்தனமும் தெளித்துவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. காலையில் நான் உன் ஊர் கல்லங்குறிச்சிக்கு உன்னைக் கூப்பிட வந்தபோது தூள் செங்கல் நிறத்தில் ஒரே கட்டியாகக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ அம்மிக்குழவியால் அதை உடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

பள்ளியில் எல்லார் முன்னாலும் காகிதத்தில் மணலோடு தூளைத் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்தினாய். ஏதோ நாலைந்து துகள் ஒன்றுசேர்ந்தது, மற்றதெல்லாம் சும்மா கிடந்தது. பையன்கள் சிரித்தார்கள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவைக் குறை சொல்லாமல், தூள் நனைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசினாய்.

“துருவேறினது ஒட்ட மாட்டேங்குதுங்க. ஏறாததுதான் சேருது. அப்போ பூமி உண்டான எடத்துல தண்ணி இருந்துச்சான்னு மொதல்ல கேக்கணும். நேத்து வரைக்கும் எனக்கு இது தோணலைங்க.”

சிரிப்பு நின்றது. பதில் என்னவென்று தலைமையாசிரியர் கேட்டார். தெரியாது, இனிமேல் படித்துத்தான் சொல்ல வேண்டும் என்றாய். என்ன நெஞ்சழுத்தமடி உனக்கு.

திரும்பும் வழியில் உன் அப்பா உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: “தெரியலன்னு இத்தன பேரு முன்னால சொல்லிட்டு நிமிந்து நிக்கிறா. படிக்கட்டும்.”

நீ படித்தாய். கல்லூரியில் பௌதிகம் நடத்தினாய். உலோகத் தூசியும் காந்தப்புலமும் கோள்கள் உருவாக உதவினவா, தண்ணீர் அதை எப்படி மாற்றியது என்றெல்லாம் இப்போது பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் பார்க்கிறார்களாம். பேரன் படித்துச் சொன்னான். என் சிநேகிதி அதை அரியலூரிலேயே கேட்டுவிட்டாள் என்றேன். அவன் நம்பவில்லை. போகட்டும், நான் கண்ணால் பார்த்தவள்.

நானும் ஆசிரியையானேன். பதில் தெரியாத கேள்வி வந்தபோதெல்லாம், “தெரியாது, பார்ப்போம்” என்று பிள்ளைகள் முன் நிமிர்ந்து நின்றே சொன்னேன். அந்தத் தைரியம் உன்னுடையது. அதை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.