பெட்டி ஒட்டுகிற வேலை என்று சொன்னோம்

மாப்ளே,

திங்கட்கிழமை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அதே கட்டடம், அதே கடைசி அறை. பினாயில் வாடை மூக்கில் ஏறியதுமே நீ பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அன்றைக்கு உனக்குத் துணையாக வந்தேன். இன்றைக்குச் சீட்டில் என் பெயர். ராத்திரியில் தூக்கமில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஒரு மாதமாக வலது கை நடுங்குகிறது. "மனப்பதற்றம்தான். மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்க, குறையும்" என்றார் டாக்டரம்மா. எழுதிக்கொண்டே, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"பயர் ஆபீஸ்ல பெட்டி ஒட்டுற வேலைம்மா."

வாய் கூசவே இல்லை. உன்னுடைய பொய், ஐந்து வருஷம் கழித்து, என் வாயிலிருந்து அப்படியே வந்தது. நான் எங்கே பெட்டி ஒட்டுகிறேன்? அதே பட்டாசுக் கம்பெனியில், இன்னும் வெடிமருந்து அறையில்தான் இருக்கிறேன். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கலந்து சலிக்கிற அதே வேலை, நடுங்குகிற இந்தக் கையோடு. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. யாரிடம் சொல்வது என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. இதே காரியத்துக்காக உன்னைக் காட்டிக்கொடுத்தவன் நான்தானே.

எனக்குப் பயம் பிறவிக் குணம் என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறினால் இறங்குகிறவரைக்கும் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பவன். அப்படிப்பட்டவனைப் போய் நீ ஜாமீனுக்குப் பிடித்தாயே!

குடித்துவிட்டுக் குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் மண்டையை விறகுக் கட்டையால் பிளந்துவிட்டாய். நல்லவேளை, தையல் போட்டதோடு அவர் பிழைத்தார். கோர்ட்டில் மாஜிஸ்திரேட் உன்னை மேலும் கீழும் பார்த்து, "ஜெயிலுக்கு அனுப்பினால் குடியை விட்டுவிடுவாயா?" என்று கேட்டார். நீ கையைக் கட்டிக்கொண்டு, "மாட்டேன்யா" என்றாய். டவாலி போட்ட சேவகர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் உன்னைக் காப்பாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு வருஷம் நன்னடத்தைப் பிணை என்று எழுதினார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒருமுறை அங்கே போய் நோட்டில் கையெழுத்து வாங்கி, மாதம் பிறந்தால் சூலக்கரையில் நன்னடத்தை அலுவலரிடம் காட்ட வேண்டும். தவறினால் ஜெயில். ஜாமீன் யார் என்று கேட்டதும் நீ திரும்பி என்னைத்தான் பார்த்தாய். "எங்க மாப்ள இருக்கான்யா." நானும் மறுக்கத் தெரியாமல் போட்டேன் கையெழுத்தை. அன்றைக்கு மடியில் கட்டிய நெருப்பு.

ஆஸ்பத்திரியில் உன்னை அனுப்பும்போது நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "தினமும் காலையில இந்த மாத்திரையைத் தண்ணியில கரைச்சு, உங்க கண்ணு முன்னாடி குடிக்க வைக்கணும். இதைச் சாப்பிட்டுட்டு மேல சாராயம் குடிச்சா உயிருக்கே ஆபத்து. மாத்திரையைக் குடிச்சதும் விட்டுறாதீங்க, போய்த் துப்பிடாம பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்து உக்கார வைங்க." அதற்கப்புறம் டாக்டர் உன்னிடம் என்ன வேலை என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்க்காமலே, "பெட்டி ஒட்டுற வேலை சார்" என்றாய். "நல்லது. கொஞ்ச நாளைக்குக் கை நடுங்கும். நெருப்பு, மிஷின் பக்கம் போக வேண்டாம்" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்தது போல உட்கார்ந்திருந்தேன். தீபாவளி சீசன். மருந்து அறைக் கூலி வேறு, பெட்டி ஒட்டுகிற கூலி வேறு. உனக்கு இரண்டு பிள்ளைகள்.

வெளியே வந்து கேட்டேன், "ஏம்லே பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா வேலைக்குப் போகாதன்னுருவாக. வேலைக்குப் போகலேன்னா நான் எங்கன போவேன்? நேரா கடைக்குத்தான் போவேன். நீயே சொல்லு."

மறுநாளே மாத்திரை டப்பாவோடு வந்து நின்றேன்.

காலை ஐந்தரைக்கு டீக்கடை பெஞ்சில் நம் மாத்திரைக் கச்சேரி நடக்கும். நான் டம்ளரில் கரைப்பேன். நீ ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைச் சுழற்றிக் காட்டுவாய். "போதுமா வாத்தியாரே? உள்நாக்கையும் பாக்கியா?" என்பாய். அப்புறம் பத்து நிமிஷம் பேச்சு. கம்பெனி வேன் வருகிறவரைக்கும் ஊர்க்கதை. பார்த்தவர்களெல்லாம் டி.பி. மாத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் உனக்குத் தனி கிளாஸ் வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீதான் தடுத்தாய். "டி.பி.ன்னே இருக்கட்டும்லே. மெண்டல் டாக்டர்ட்ட போறேன்னு தெரிஞ்சா பயர் ஆபீஸ் வாசப்படிய மிதிக்க விடமாட்டாக."

கேட்டில் நம்மைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா, இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உன் கையை யாரும் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சல்லடையைப் பிடிக்கும்போது விரல்கள் தனித்தனியாக ஆடும். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில்தான் என் பெண்டாட்டி குழாய்களில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். கூட மூன்று பேர். வீட்டில் அவள் சோறு போடும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?" என்று கேட்டாள். பித்தம் என்று சொன்னேன். அடடா, எத்தனை பொய்!

நீ வேலைக்குத் திரும்பிய பதினேழாவது நாளோ பதினெட்டாவது நாளோ, வெயில் ஏறுவதற்கு முன்னால், உன் கையிலிருந்த சல்லடை நழுவித் தட்டின் விளிம்பில் இடித்தது. பெரிய சத்தமில்லை. கதவைத் தட்டினது போல ஒரு சத்தம். இரண்டு பேரும் அப்படியே நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. நீ பல்லைக் காட்டினாய். "ஒண்ணுமில்லலே" என்றாய். ஒரு பொறி கிளம்பியிருந்தால் சுவருக்கு அந்தப் பக்கமும் சேர்ந்து போயிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் வெறுங்காலோடு வெளியே வந்து நேரே போர்மேனிடம் போனேன்.

"அவனை மருந்து ரூம்ல இருந்து மாத்துங்கண்ணே. கை நடுங்குது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் "ஏன் நடுங்குது?" என்று கேட்டார். எனக்கிருந்த பதற்றத்தில் ஆஸ்பத்திரி, மாத்திரை, கோர்ட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் மாற்றியிருப்பார். டாக்டரிடம் பேசாத வாய் அங்கே மட்டும் எப்படி அவ்வளவு திறந்ததோ தெரியவில்லை. அவர் உன்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, லோடு ஏற்றுகிற வேலைக்கு அனுப்பினார். நல்ல மனிதர்தான், வாய்தான் நிற்காது. மத்தியானச் சோற்றுக்கு உட்காருவதற்குள் உனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். "மெண்டலு, அந்தப் பெட்டியத் தூக்கு." நீ தூக்கினாய். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். வந்தாய். குடித்தாய். நாக்கைக் காட்டினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிஷமும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம் பதினோரு மாதம் அப்படியே! பேசுடா என்று கத்தலாம் போல இருக்கும். நர்ஸம்மா பேச்சுக் கொடுக்கச் சொன்னாரே என்று நானே மழை, விலைவாசி, ரேஷன் கார்டுக்கு டிவி தரப்போகிறார்களாம் என்று புலம்பிக்கொண்டிருப்பேன். கிறுக்கன் நீயா நானா என்று டீக்கடைக்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

பிணை முடிந்த அன்று சூலக்கரையில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, அலுவலர் உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை கல் மாதிரி நின்றது. வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாய்.

"மறுநா நானே போர்மேன்ட்டச் சொல்லணும்னுதான்லே இருந்தேன். ஒரு நா பொறுத்திருக்கலாம்லா?"

நான் சிரித்தேன். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று பழமொழி வேறு சொன்னேன். நீ குடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் உன்னிடம் அந்தப் பழமொழியைச் சொன்னேனே, என்னை என்ன செய்தால் தகும்? பஸ் வந்ததும் நீ எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாய். அதற்குப் பிறகு பழையபடி பேசினாய், கிண்டலடித்தாய், இரண்டு வருஷம் ஒரு சொட்டு தொடவில்லை. ஆனாலும் ஈரல் முன்னாலேயே கெட்டிருந்தது. காமாலை வந்து இருபது நாளில் போய்விட்டாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் தினமும் யோசித்துக்கொண்டு வருவேன். உள்ளே வந்தால் இளநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, போர்மேனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேனில் ஏறினேன். இப்போது இருப்பவர் புதியவர், சின்ன வயசு. அன்றைக்கு ஆர்டர் அவசரத்தில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். சரி, நாளைக்கு என்று விட்டேன். புதன்கிழமை முதலாளி வந்திருந்தார். அவர் முன்னால் எப்படி? இன்றைக்கு வியாழன், இன்றைக்குக் காரணம்கூட இல்லை. அவர் எதிரில் போய் நின்றேன், "என்னண்ணே?" என்றார். "ஒண்ணுமில்ல தம்பி" என்று திரும்பிவிட்டேன். கூலி குறையும். பெயர் வைப்பார்கள். வைத்த பெயர் என்னவென்றும் எனக்குத் தெரியும்.

நீ சொன்னது பொய்யில்லை மாப்ளே. மறுநாள் சொல்லத்தான் இருந்திருப்பாய். நானும் மூன்று நாளாக மறுநாள் சொல்லத்தான் இருக்கிறேன். நான் உன்னை நம்பாமல் சிரித்தது தப்பு. ஆனால் அன்றைக்கு நான் பொறுத்திருக்கவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் விளங்குகிறது, என்ன செய்ய?

ஏனென்றால், என் பெண்டாட்டி இப்போது வேலைக்கு வருவதில்லை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இடத்தில் மருந்து அடைப்பது உன் பெண்டாட்டி. நீ போன பிறகு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் உன் வீட்டுக்குப் போனேன். நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நீட்டிக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சொன்னேன். "நாளைக்குக் காலையில நான் போர்மேன்ட்டச் சொல்லலேன்னா நீ சொல்லிருத்தா" என்றேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அரிசியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு எதுக்குண்ணே? அவரு வீடு மேலத் தெருவுலதான இருக்கு. சட்டைய மாத்திட்டு வாங்க, இப்பமே போவோம். அன்னைக்கு அவுகளப் பத்திச் சொன்ன வாய்தான?"

சட்டையை மாற்ற வந்தவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் நடுங்குகிறது என்று அந்தத் தம்பி கேட்பார். ஆஸ்பத்திரி என்றே சொல்லப்போகிறேன். உன் விஷயத்தில் அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, என் விஷயத்தில் உண்டு. நீ அந்தப் பதினோரு மாதமும் பேசாமல் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. இனி அந்தப் பெயர் என்னிடம் இருக்கும். தங்கச்சி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள், உள்ளே வரமாட்டேன் என்கிறாள்.