மாப்பிள்ளை பேச்சுக்குச் சிரித்தது

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
டிசம்பர் 2000

பாவாத்தாளுக்கு உன் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, மருமகள் வான்மதி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் டொரோண்டோவிலிருந்து நம் கலையரசியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். இங்கே ஜனாதிபதி தேர்தலுக்கு ஓட்டுப் போட்டு ஒரு மாதமாகியும் ஜெயித்தது யாரென்று தெரியவில்லை. டிவியில் எந்நேரமும் அதே சண்டை. மாப்பிள்ளை சும்மா இராமல், "ஏனுங்க மச்சான், எங்க கனடாவுல போன மாசம் ஓட்டுப் போட்ட அன்னைக்கு ராத்திரியே ரிசல்ட் சொல்லிட்டாங்க. எண்ணறதுக்கு நாலு ஆள் அனுப்பட்டுங்களா?" என்றார்.

"பொழுதுக்கும் எங்க டிவியையே பாக்கற ஊருக்கு வாயைப் பாருங்க" என்றான் நம் பையன் செழியன்.

அதுவரை விளையாட்டுதான். மாப்பிள்ளை பேசினால் மாமனார் சிரிப்பது நம் வழக்கம். அவர் பேச்சுக்கு மட்டும் நான் சிரித்துவிட்டேன். செழியன் இந்த நாட்டுக் குடிமகனாகி முதல்முதலாக ஓட்டுப் போட்டவன். "நீங்களும் அவங்க பக்கமாப்பா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். மறுநாள் அவர்கள் காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள்.

நம் கல்யாணத்தில் உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை நான் கேலி செய்ததும், உன் அப்பா சிரித்தார். உன் அண்ணன் பந்தியிலிருந்து எழுந்து போனார். ஏனென்று இப்போதுதான் புரிகிறது.

பொங்கலுக்குத் தங்கச்சிக்குச் சீர் அனுப்பச் சொல்லிச் செழியனுக்கு நீயே போன் செய். நான் சொன்னால் மாப்பிள்ளைக்காகப் பேசுவதாக நினைப்பான். அவன் வேலையிலிருந்து வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிடு. அதுவரை என்னோடு பேசிக்கொண்டிரு.

வான்மதிக்கு நேரமாகிவிட்டது.

கருப்பண்ணன்