நடு இடத்தை விட்டு வராதே

அன்புள்ள கோர்டெலுக்கு,

ரெனிட்டா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் தங்கை நோலா சுகம், கொல்லையில் தக்காளி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது. உன் அப்பாவைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அவசரப்பட்டுத் தாளைத் திருப்பித் தேடாதே. அவர் இப்போது முன்னறையில் உட்கார்ந்து நோலாவிடம் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறார், அவள் சிரிப்பது சமையலறை வரை கேட்கிறது. நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், உடம்பில் அடி எதுவும் படாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஏரிக்காற்று இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, உன் உதடு வெடித்திருப்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்த்தேன், ஏதாவது தடவிக்கொள். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் நோலாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதுவும் போக, நான் சொல்லப்போவதை ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவாய். கடிதமென்றால் கடைசி வரைக்கும் உட்கார்ந்து படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

போன ஞாயிறு தேவாலயத்தில் பாஸ்டர் நோயாளிகளுக்காகவும் பயணம் போனவர்களுக்காகவும் ஜெபித்து முடித்த பிறகு, "ஆண்டவரே, எங்க கோர்டெல் பையனையும் அவன் காக்கிற நடு மைதானத்தையும் நீரே பாத்துக்கொள்ளும்" என்று சேர்த்துக்கொண்டார். சபையே ஆமென் சொன்னது. உன் வெர்னெல் அத்தை மட்டும் என் பக்கம் சாய்ந்து, "அந்த டீமோட நடு மைதானத்த ஆண்டவரே கைவிட்டு எத்தனையோ வருசமாச்சு, இப்ப எம் மருமகன் தலையில கட்டிட்டுப் போறாரு பாரு" என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு, முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. உங்கள் ஊர்ப் பத்திரிகையை நூலகக் கணினியில் தினமும் காலையில் படிக்கிறேன், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் வைப்பதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை, யாரிடமும் சொல்லாதே. நோலா பிறப்பதற்கு முன்பிருந்தே உங்கள் ஃபுட்பால் அணி நடுவில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறது. எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசியில் எதிரணிக்காரன் தூரத்திலிருந்து எறிகிற ஒரு பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய் நடுவில் விழும், ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். பேர் பெற்ற ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்கள், பயிற்சியாளர்களை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இந்த வருடம்தான் மிசிசிப்பியிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், எதிரணிக்காரன் பந்தை எறிவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று தெரிந்துகொள்கிறான், இந்த ஓட்டையை அடைக்க ஒருவனால் முடியுமென்றால் இவனால்தான் முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. கூடவே, இத்தனை காலம் ஒழுகிய கூரையை இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கொடுத்துவிட்டு ஒரு ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறதே என்றும் இருந்தது.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தை எல்லோரும் நம் வீட்டில்தான் பார்த்தோம். அத்தை கெளுத்தி மீன் பொரித்துக் கொண்டுவந்தாள், நான் சோள ரொட்டி சுட்டேன், அதை அவள் திருப்பிப் பார்த்து, "பரவால்ல, இந்தத் தடவ சாப்பிடுற மாதிரி இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். முதல் முறை உன்னைத் திரையில் காட்டியதும் நோலா, "அண்ணனை மட்டும் எதுக்கு அவ்ளோ பின்னாடி நிக்க வச்சிருக்காங்க, என்ன தப்பு பண்ணான்?" என்று கேட்டாள். உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "தப்பு ஒண்ணும் பண்ணலடி, அவனுக்குப் பேரு சேஃப்டி. முன்னாடி நிக்கிற பத்துப் பேருல யாரு கோட்ட விட்டாலும் இவன் பிடிக்கணும். இவன் கோட்ட விட்டா பிடிக்க யாரும் கிடையாது" என்றார். அவள் விடாமல், "அப்ப அண்ணனுக்குப் பயமா இருக்காதா?" என்றாள். மீன் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

இரண்டாவது பாதியில் நடந்தது உனக்கே தெரியும், திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருப்பார்கள். இடது ஓரத்தைக் காக்கிற பிராக்ஸ்டன் ஒரு அடி பின்தங்கினான், நீ நடுவை விட்டு அவனுக்கு உதவ ஓடினாய், எறிகிறவன் அதற்காகவே காத்திருந்தவன் போல நீ விட்டுவந்த இடத்துக்குப் பந்தை அனுப்பினான். டச்டவுன், எதிரணிக்கு ஆறு புள்ளி. வர்ணனையாளர்கள் பழைய கதையை ஆரம்பித்தார்கள். அத்தை டிவியைப் பார்த்து, "வாய மூடுங்கடா, எம் பிள்ள வந்து ஒரு மாசம்கூட ஆகல" என்று கையிலிருந்த துண்டை வீசினாள். உன் அப்பா மட்டும், "ஓட்டம் சரியாத்தான் ஓடினான். அந்தப் பையன் மேலதான் அவனுக்கு நம்பிக்கை வரல" என்றார். மறுபடியும் காட்டியபோது நான் பந்தைப் பார்க்கவில்லை, பிராக்ஸ்டனைப் பார்த்தேன். கோர்டெல், நீ போய்ச் சேர்வதற்குள் அவன் தன் ஆளை எட்டிப் பிடித்துவிட்டான். உன் உதவி அவனுக்குத் தேவைப்படவே இல்லை. உங்கள் பயிற்சியாளர் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார், நான் சொல்ல வந்தது ஆட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை.

அந்த ஓட்டத்தை நான் எங்கே பார்த்திருந்தாலும் உன்னுடையது என்று சொல்லியிருப்பேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினொரு வயது, உன் அம்மா ஷார்லீன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நகர்ந்தால் நீ வந்து ஒரு முறை திருகிப் பார்ப்பாய். கதவைச் சாத்தினால் இழுத்துப் பார்ப்பாய். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை கிடையாது, "சரிங்க மிஸ் ரெனிட்டா" என்றுதான் பேச்சு, ஆனால் நான் செய்ததன் மேல் உன் கை ஒரு முறை பட்டால்தான் உனக்கு அது செய்தது மாதிரி. உன் அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டை நான் கட்டி வைப்பேன், நீயும் பழைய வழக்கப்படி ஒன்று கட்டி அதன் பக்கத்தில் வைப்பாய். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு மீன் பண்ணைக் குளத்துக்குப் போவார். ஒரு வருடம் அப்படி நடந்தது. பண்ணையில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தபோது, "எனக்கு ரெண்டு டப்பாவும் காலியா வீட்டுக்குப் போகணும், அம்புட்டுதான்" என்றாராம், அத்தைதான் சொன்னாள். அந்த வருடம் அவர் இடுப்புப் பட்டையில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. இதை நான் குறையாக எழுதவில்லை. ஒன்பது வயதில் வீட்டைத் தாங்க நின்ற பிள்ளைக்கு, புதிதாக வந்த ஒருத்தியிடம் ஒரு பக்கத்தை விட்டுவிடு என்று சொன்னால் எப்படி முடியும். உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருந்ததால்தான் அந்த வீடு நான் வரும்வரை நின்றுகொண்டிருந்தது.

இனி உன் அப்பா. ஜூலையிலிருந்தே அவருக்கு மூச்சு வாங்குகிறது. குளத்துத் தண்ணீரைக் கலக்கும் சக்கரத்தை இழுத்து வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிடுகிறார், கேட்டால் வெயில் என்பார். பிடிவாதமாக ஜாக்சன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்து புதிது வைக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை. உங்கள் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால். மருத்துவர் ஒரு பெண், நிதானமாகப் பேசுகிறாள், இதைப் பலருக்குச் செய்திருக்கிறாள், பெரும்பாலும் நல்லபடியாக முடியும் என்றாள், பெரும்பாலும் என்றால் என்ன என்று கேட்டேன், அதையும் மறைக்காமல் சொன்னாள். உனக்கும் மறைக்கவில்லை, ஆபத்து இருக்கிறது, சின்னதுதான், ஆனால் இருக்கிறது. உன் அப்பா என்னையும் அத்தையையும் உட்கார வைத்து, "அவங்கிட்ட மூச்சு விடக்கூடாது. சொன்னா அடுத்த நிமிசம் வாசல்ல வந்து நிப்பான். அவன் இடத்துல அவன் நிக்கட்டும்" என்று வாக்கு கேட்டார். அத்தை கொடுத்தாள். நான், "யோசிக்கிறேன்" என்றேன். யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு உனக்குத் தெரிந்தால், அதற்கப்புறம் இந்த வீட்டில் யார் எது சொன்னாலும் நீ ஒரு முறை இழுத்துப் பார்ப்பாய். அந்த வேலையை நான் உனக்குக் கொடுக்க மாட்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு அவரிடமும் சொல்லிவிடுவேன். கோபப்படுவார், அது என் பாடு.

சொல்லிவிட்டேன். இப்போது கேட்கிறேன், வராதே. விடுப்பு கேட்டால் உங்கள் பயிற்சியாளர் கொடுப்பார், அப்பாவுக்கு நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால் வேலை போய்விடும் என்று உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. முதல் ஆட்டத்தில் யாரை நிறுத்துவது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, நீ வந்துவிட்டால் உனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்ற பழைய ஆளை நிறுத்துவார், அவ்வளவுதான், அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது. நான் கேட்பது வேறு. அந்த மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். நீ வந்தால் நீதான் மருத்துவரிடம் பேசுவாய், நீதான் கையெழுத்தைச் சரிபார்ப்பாய், அத்தைக்குக் காப்பி வாங்கித் தருவாய், எனக்குப் போர்வை கொண்டுவருவாய், எல்லாம் நன்றாகவே செய்வாய், நான் பதினொரு வருடமாகப் பார்த்ததுதானே. ஆனால் அவர் என் கணவர், கோர்டெல். அந்தப் பக்கம் என்னுடையது. எனக்கு அது முடியும். நான் பின்தங்குகிறேன் என்று உனக்குத் தோன்றும், தோன்றினாலும் ஒரு கணம் பொறுத்து என்னைப் பார்.

இதையெல்லாம் மீறி, படித்து முடிக்கும்போது உன் கால் தானாக நகர்ந்தால் வா. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து அவர் உனக்கு அப்பா. உன் கட்டிலில் புது விரிப்பு போட்டு வைக்கிறேன், ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வரவில்லை என்றால் அதைப் பாசக்குறைவு என்று யாரையும் சொல்ல விடமாட்டேன், அத்தை உட்பட.

வியாழன் காலை பயிற்சிக்குப் போகும்போது ஃபோனைப் பெட்டியில் பூட்டாமல் யாரிடமாவது கொடுத்து வை, காரணத்தையும் சொல்லிவிடு. பிராக்ஸ்டனிடம் சொன்னால் நல்லது. மருத்துவர் வெளியே வந்ததும் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன், அத்தைக்கும் பாஸ்டருக்கும் முன்னால். நல்ல செய்தியானாலும் வேறு எதுவானாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன், என் குரலை வைத்து எதையும் ஊகிக்காதே, என் குரல் அன்றைக்கு நடுங்கத்தான் செய்யும். பயமாக இருக்கிறதா என்று நோலா உன்னைப் பற்றிக் கேட்டாள் அல்லவா, என்னைக் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். அவர் கண் திறக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், அது மட்டும் உறுதி.

ஆண்டவர் உன் கால்களையும் கண்களையும் காக்கட்டும், நீ உண்ணும் உணவும் உறங்கும் உறக்கமும் உடம்பில் ஒட்டட்டும். தடித்த காலுறை நான்கு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
ரெனிட்டா