ஒரே ஒரு தட்டு

1971 ஜூன் 9, புதன்

இந்த மழையில் ஊரில் எல்லார் வீட்டிலும் துணி காயவில்லை. எனக்கு டோபெகான் காயவில்லை. படத்தில் ஊரை மிதிக்கும் ராட்சத மிருகத்தின் உடை, நாற்பது கிலோ ரப்பர் பல்லி. உள்ளே நேற்றைய வியர்வை அப்படியே இருக்கிறது. ஒன்பது வருடமாக அதற்குள் நான்தான். திரையில் என் முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. இருக்கட்டும். டோக்கியோவை ஏழு தடவை மிதித்தவன் நான். அதை வேறொருத்தனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளை கோட்டை இடிக்கும் காட்சி. இடுப்பளவு பிளாஸ்டர் கோட்டை, ஆறு பேர், இருபத்திரண்டு நாள் வேலை. ஒரு முறைதான் இடிக்கலாம்.

ஜூன் 10, வியாழன்

இடித்துவிட்டேன். காமிரா ஓடவில்லை.

ஜூன் 11, வெள்ளி

ரப்பர் தலைக்குள் வெளியே கத்துவது எதுவும் கேட்காது. அதனால் உதவி இயக்குநர் முதுகில் கழியால் தட்டுவார். ஒரு தட்டு, ஆரம்பி. இரண்டு, நிறுத்து. நேற்று ஒரு தட்டு விழுந்தது. போனேன், மோதினேன், வாலைச் சுழற்றினேன். நிறுத்தச் சொல்லி ஆளாளுக்கு முதுகில் படபடவென்று அடித்தார்கள். அதில் எதை ஒன்று என்பது, எதை இரண்டு என்பது? கழுத்து ஓட்டை வழியே பார்த்தால், கோட்டையைக் கட்டிய பிளாஸ்டர்காரர் யசுகோச்சி தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

தட்டியது ஹதானகா. எனக்கு ஏதாவது ஆனால் உள்ளே இறங்க வைத்திருக்கும் மாற்றாள். இருபத்து மூன்று வயது. "பின்னி எடுத்துடுங்கண்ணே!" என்று முதுகில் தட்டி உற்சாகப்படுத்தினானாம். ஏன்டா, உற்சாகத்தை வாயால் சொன்னால் போதாதா?

இயக்குநர் குராதோமி எல்லார் முன்னாலும் கேட்டார்: "யோவ் இசோமுரா, காது போச்சா, புத்தி போச்சா?"

இரண்டும் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஹதானகா முகம் அரிசி மாவு மாதிரி வெளுத்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மடையன் நான்.

ஜூன் 14, திங்கள்

டோபெகான் இனி ஹதானகாவுக்கு. எனக்கு அடுத்த படத்தில் நாலுகால் மிருகம். இரண்டு பேர் உள்ளே.

என் மனைவி தொஷியே கேட்டாள், "நீங்க எந்தப் பாதிங்க?"

"பின்பாதி."

யோசித்தாள். "வால் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சரி."

இவளோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஜூன் 15, செவ்வாய்

ஹதானகா வீட்டுக்கு வந்தான், பெட்டியில் முலாம்பழத்தோடு. நெற்றி பாயில் படக் குனிந்தான்.

"நான்தான் தட்டினேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேண்ணே."

"என்ன சொன்னாரு?"

"அது சரி, அவருக்கு நாப்பத்தேழு வயசு ஆச்சுல்ல, அப்படின்னாரு."

பழம் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 5, திங்கள்

புதுக் கோட்டை தயார். ஓரமாக நின்று பார்த்தேன், போகாமல் இருக்க முடியவில்லை.

டோபெகான் நடந்தது. மூன்று எட்டுக்கு ஒருமுறை இடது தோள் சரிந்தது. அப்படிச் சரிவது என் தோள், முன்பு ஒரு எரிமலைக் காட்சியில் விழுந்து எலும்பு பிசகியது. இவனுக்கு என்ன கேடு? காளை மாதிரி இருக்கிறான்.

கோட்டை அழகாக விழுந்தது. யசுகோச்சி கைதட்டினார்.

தலையைக் கழற்றியதும் முதல் ஆளாகப் போய்க் கேட்டேன். "ஏன்டா தோளைச் சாய்ச்சே?"

மூச்சு வாங்கிக்கொண்டே என்னை விநோதமாகப் பார்த்தான். "டோபெகான் அப்படித்தானேண்ணே நடக்கும்?"

அவன் பூட்ஸைக் கழற்றி வியர்வையைக் கொட்டினேன். மூன்று கோப்பை.

எனக்கு நாலு வரும்.