இடக்காலால் உதைக்கும் வண்டி

அண்ணே,

இன்று காலை பூசையறையில் சூடம் ஏற்றியபோது, நேற்று என் விரல்களில் படிந்த வண்டி எண்ணெயின் வாசமும் அதனோடு கலந்து எழுந்தது. இருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. சூடமும் வண்டி எண்ணெயும் சேர்ந்து மணப்பது நீங்கள் பிறந்த தோட்டத்து முனியாண்டி சன்னிதியில்தான். அங்கே நீங்கள் என்னிடம் வாங்கிய சத்தியத்தை நான் மீறிவிட்டேன். அதைத் தெரிவிக்கவே இம்மடல். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை.

ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, குடியிருப்புகளும் இடிக்கப்பட்ட பின், அந்த மேட்டின் உச்சியில் முனியாண்டி மட்டும் தகரக் கூரையின் கீழ் நின்றார். கார் ஏறாத செம்மண் பாதை. நில அளவையாளனாகக் காடுமேடு அலைந்த காலத்தில் சேறுமேடு ஏறும் ஸ்கிராம்ளர் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியவன் நான். ஜெலாப்பாங் பட்டறையில் அவ்வண்டிகளைப் பிரித்துப் பூட்டி உயிர் கொடுத்தவர் நீங்கள். இருவரிடமும் ஒரே நிறுவனத்து நீல வண்டி. வெள்ளிதோறும் விளக்கேற்றப் போவோம். நான் தலைக்கவசத்துக்குள் பதிகம் ஓதிக்கொண்டு வருவதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து என்னைச் சாமி என்றே அழைத்தீர்கள்.

வேறொரு நிறுவனத்தின் காவி நிற வண்டி ஈப்போவுக்கு வந்து, ஞாயிறுதோறும் நம்மோடு காட்டுப்பாதையில் வண்டியோட்டும் கூட்டத்தில் இருவர் அதற்கு மாறிய வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். சன்னிதி வாசலில் நின்று கொதித்தீர்கள்.

“நம்ம வண்டிய வலது கால்ல உதைச்சு எடுக்கிறோம். அத எடது கால்ல உதைக்கணுமாம். வெளங்குமா சாமி? நல்ல காரியத்துக்கு யாராச்சும் எடது கால முன்ன வைப்பாங்களா லா?”

சாத்திரம் படித்தவன் என்ற மிடுக்கில், “ஆகாதுதான்” என்றேன்.

“அப்படின்னா சூடம் அடிங்க. செத்தாலும் நீல வண்டிதான்னு.”

எரிந்துகொண்டிருந்த சூடத்தின்மேல் உள்ளங்கையை அறைந்து அணைத்தேன். மீண்டும் ஏற்றி நீங்களும் அறைந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இப்போது நடத்தும் சேகர் சிரித்துக்கொண்டே சாட்சி நின்றான்.

நீங்கள் சத்தியம் கெடாமல் போய்ச் சேர்ந்தீர்கள். எனக்கு வலது முழங்கால் போயிற்று. முப்பது ஆண்டுகள் உதைத்த கால் அது. சென்ற ஐப்பசி மழையில், ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுபோனது. இரண்டு உதைக்குப் பணியவில்லை. மூன்றாவது உதையில் முழங்கால் மடங்கிச் சேற்றில் விழுந்தேன். வண்டி என்மேல் விழுந்தது. குலை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளர் இருவர் ஓடிவந்து தூக்கினார்கள்.

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் என் கோலத்தைக் கண்ட மகள், “போதும்லா அப்பா, வண்டிய வித்திடலாம். வெள்ளிக்கிழமைக்கு இங்கேயே கோயில் இருக்குல்ல?” என்றாள்.

இங்கே கோயில் உண்டு. கோயிலுக்குக் கூட்டமும் உண்டு. அந்த முனியாண்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மருத்துவரும் இனி வலக்காலால் எதையும் உதைக்கக் கூடாது என்றார். இடக்காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூடத்தில் மாட்டியிருக்கும் கூத்தப்பெருமான் படத்தின் முன் அமர்ந்தேன். அறுபது ஆண்டுகளாக அதன்முன் ஓதிவருகிறேன். ஊன்றிய பாதம் வலது. தூக்கிய பாதம் இடது. உயிர்கள் சென்று ஒதுங்கும் நிழல் அந்தத் தூக்கிய பாதத்தில்தான் என்று எத்தனை மேடைகளில் விரித்துரைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், இடக்கால் ஆகாது என்று உங்களுக்குத் தலையாட்டினேனே, அண்ணே. உங்கள் கோபத்தில் பிழையில்லை. தெரிந்திருந்தும் தலையாட்டிய என்னுடையதே பிழை.

அந்த வாரமே காவி வண்டியை வாங்கினேன். பொத்தானை அமுக்கினால் கிளம்பும் புதியதைத்தான் கடைக்காரர் காட்டினார். “சேத்துல பேட்டரி கைவிட்டுடும் சாமி” என்று நீங்கள் சொன்னதை நான் இன்னும் நம்புகிறேன். ஆகவே உதைத்தே எடுக்க வேண்டிய பழைய வண்டியைக் கேட்டு வாங்கினேன்.

சேகர் பார்த்ததும் விடவில்லை. “என்ன சாமி, காவி கட்டிட்டீங்க? அப்ப அண்ணனுக்குச் சூடம் அடிச்ச சத்தியம்?”

“காவி வண்டிக்குத்தான் தம்பி. துறக்க மனசில்லாமத்தான் இத வாங்கினேன். வெள்ளிக்கிழமை ஏத்தத்துக்கு வா. வந்து பாரு.”

நேற்று வந்தான். நான் விழுவதைப் பார்க்கத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். விழவில்லை. உச்சியில் விளக்கேற்றினேன், முனிக்கும் உங்களுக்குமாக இரண்டு சுருட்டு வைத்தேன். சத்தியம் செய்த அதே கல்லில் சூடம் ஏற்றி, சேகர் காதிலும் விழும்படி சொன்னேன்: “அண்ணன்கிட்ட பண்ண சத்தியத்த மீறிட்டேன். பாவம் இருந்தா என் தலையில போடு. விளக்கு மட்டும் நிக்காது.” இம்முறை சூடத்தை அறையவில்லை. அது தானே எரிந்து அடங்கும்வரை நின்றேன்.

பிறகு சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து இடக்காலால் உதைத்தேன். வண்டி அசையவில்லை. மறுபடி உதைத்தேன். சேகர் தன் காலணிச் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது உதையில் மேடே அதிரக் கிளம்பியது, பழங்கள் நசுங்கின.

“சத்தம் என்னமோ நல்லாத்தான் இருக்கு லா,” என்றான்.

இறக்கத்தில் அவன்தான் எனக்குப் பின்னால் வந்தான்.

உங்கள் நீல வண்டியை உங்கள் மகன் துடைத்து வைத்திருக்கிறான். என்னுடையதை நான் விற்கவில்லை. அதில் ஏறவும் போவதில்லை. அடுத்த வெள்ளியும் காவி வண்டிதான். உங்களுக்கு மறுப்பிருந்தால் ஏற்றத்தின் பாதியில் என்னை நிறுத்திப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஏறி அமர்ந்ததும், இன்றும் முதலில் உயர்வது என் வலக்கால்தான். உதைப்பதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. ஒரு கணம் காற்றில் நிற்கும். அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, இடக்காலைத் தூக்குகிறேன். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறான் சேகர். மாற்றிக்கொள்ள மாட்டேன்.