ஓரிடத்தில் திருத்தினால் போதுமாம்

மார்ச் 9, திங்கள். விடிந்ததிலிருந்து மழை.

வெட்கக்கேடு. அலுவலகக் கழிவறைக் கண்ணாடி முன் நின்று, என் கலைச்சொல் களஞ்சியத்துக்குப் பாராட்டு விழா எடுத்தால் என்ன பேசுவேன் என்று ஒத்திகை. கையசைப்போடு. உள்ளேயிருந்து, என்னோடு கையேடு எழுதும் சின்னவள் ஸ்டெல்லா வந்தாள். "பேச்சு நல்லா இருக்குக்கா. கடைசியில கொஞ்சம் இழுக்குது லா."

சிரிக்கட்டும். நாங்கள் எழுதும் ஃபோர்க்லிஃப்ட், அதாவது சுமைதூக்கி வண்டிக் கையேடு ஒவ்வொன்றிலும் அதே சொற்கள். ஆளுக்கொரு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லா விளக்கமும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில். கையேட்டில் சொல்லின் சாவிப்பெயரை மட்டும் இட்டால் போதும். அச்சுப்படி எடுக்கும்போது மென்பொருளே விளக்கத்தை இழுத்துவந்து அங்கே வைக்கும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடமும் திருந்தும். யார் யோசனை? என் யோசனை. சம்பள உயர்வு? பட்டை நாமம்.

10, செவ்வாய். புழுக்கம்.

பொறியாளர் மின்னஞ்சல்: 'பாதுகாப்பு இடைவெளி' இனி மூன்று மீட்டர், இரண்டு அல்ல. தூக்கிய சுமை சரிந்தால் இரண்டு மீட்டரில் நிற்பவர் கால் போய்விடும். வெள்ளியன்று அச்சு. கிராஞ்சிக் கிடங்குத் தொழிலாளர்களுக்கான தமிழ்க் கையேடும் உண்டு.

களஞ்சியத்தில் ஒரே ஓர் எண். மாற்றினேன். முடிந்தது. மேலாளர் ஹமீது பாயிடம் பீற்றிக்கொள்ளப் போனேன். "அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாளா சம்பளம் வாங்குறீங்க?" வீட்டிலும் மனிதர் இப்படித்தான் என்று கேள்வி.

தேக்கா சந்தையில் வாங்க: கறிவேப்பிலை, நல்லெண்ணெய், பொறுமை (கிடைத்தால்).

11, புதன்.

மாதிரிப்படி வந்தது. எல்லாக் கையேட்டிலும் மூன்று மீட்டர். கிராஞ்சிக் கையேட்டில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு! எழுதியது யார்? நம் ஸ்டெல்லா. கோப்பைத் திறந்தால் சாவிப்பெயர் மருந்துக்கும் இல்லை. விளக்கத்தை முழுதாக, இடத்துக்கு இடம், போஸ்டர் மாதிரி ஒட்டிவைத்திருக்கிறாள்.

நேரே அவள் மேசைக்குப் போனேன். "ஒருத்தன் கால் போனா நீ ஒட்டி வைப்பியாடீ?"

"வழிகாட்டியில இருந்த மாதிரிதானேக்கா செஞ்சேன்."

"எந்த வழிகாட்டி?"

"நீங்க எழுதுனதுதான். நான் சேர்ந்தப்ப பிரிண்ட் எடுத்துக் கொடுத்தீங்களே."

என்ன வாய்! ஞாயிறானால் தேவாலயத்தில் பாடும் அதே வாயால் புளுகு.

12, வியாழன். மறுபடி மழை. குடை அலுவலகத்தில்.

மதியம் பாயைத் தேக்காவுக்கு இழுத்துப் போய், தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வாங்கிக் கொடுத்துப் புகார்.

"திருத்தியாச்சா?"

"ஸ்டெல்லா உக்காந்து ஒவ்வொண்ணா மாத்துறா."

"அப்புறம் என்ன சண்டை?"

"கொள்கை, பாய்!"

"கொள்கை ஓடியா போகுது? தே ஆறுது, குடிங்க." கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணு சொல்ற வழிகாட்டியையும் நாளைக்குக் கொண்டாங்க. பாத்துடலாம்."

கொண்டுவருகிறேன். பொன்னாடை போர்த்திக் கொண்டுவருகிறேன்.

ஸ்டெல்லா இன்னும் திருத்திக்கொண்டிருந்தாள். உதவவில்லை. ஏன் உதவ வேண்டும்? கிளமெண்டியிலிருந்து செங்காங் வரை ரயிலில் நின்றபடியே அவளை மனதுக்குள் திட்டினேன். எதிரே இருக்கை காலியாக இருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

13, வெள்ளி. வெயில்.

கிராஞ்சிக் கையேடு மூன்று மீட்டரோடு அச்சுக்குப் போய்விட்டது. ஸ்டெல்லா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பாய் முன்னால் அவள் மேசையிலிருந்த வழிகாட்டியை வெற்றி வீராங்கனை மாதிரி விரித்தேன். அதே மென்பொருளில் நான் எழுதியதுதான்; அச்சில் எப்படி வந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் பக்கம், கொட்டை எழுத்தில்: "விளக்கத்தை நகலெடுக்காதீர்கள். சாவிப்பெயரை மட்டும், கீழே உள்ளபடி அப்படியே இடவும்."

கீழே நான் எடுத்துக்காட்டாக இட்ட சாவிப்பெயர் இல்லை. அதையும் விட்டுவைக்காமல் மென்பொருள் தன் கடமையைச் செய்திருந்தது:

"பாதுகாப்பு இடைவெளி: தூக்கிய சுமையிலிருந்து இரண்டு மீட்டர்."