திருமண் பெட்டியில் இருந்த இரண்டாவது சீட்டு

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் பரமபதித்து இருபது நாள் ஆகிறது. நேற்று நீங்கள் நாமம் இட்டுக்கொள்ளும் திருமண் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தேன். திருமண் கட்டிக்கு அடியில் சுருட்டிய காகிதத் துண்டு ஒன்று கிடந்தது. பிரித்தேன். உங்கள் கையெழுத்தில் ‘பிசியோதெரபி’ என்று ஒரே ஒரு வார்த்தை.

என்ன காரியம் செய்தீர்கள், அப்பா!

ஐம்பத்தெட்டில் நான் பி.யூ.சி. தேறியபோது வீட்டில் நடந்த ரகளை நினைவிருக்கிறதா? தங்கை கோதைக்கு எட்டு வயது. இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் துவண்டவள். அவளை நிற்க வைப்பதற்கென்றே நான் பம்பாய்க்குப் போய் பிசியோதெரபி படிக்க ஆசைப்பட்டேன். பெரியப்பா குதித்தார்.

“ஊரான் கையையும் காலையும் பிடிச்சு விடற வேலைக்கா நம்மாத்துப் பொண்ணை அனுப்பறது? இங்கேயே காலேஜ்ல கணக்கு படிக்கட்டும்.”

உங்கள் அண்ணா முன்னால் நீங்கள் என்றைக்கு வாயைத் திறந்தீர்கள்? “பெருமாளையே கேட்டுடலாம்” என்று மட்டும் சொன்னீர்கள். ஒன்றில் கணக்கு, ஒன்றில் பிசியோதெரபி என்று சொல்லி இரண்டு சீட்டு எழுதிச் சுருட்டி, துளசித் தட்டில் போட்டு, பூஜை அலமாரியில் பெருமாள் முன்னால் வைத்தீர்கள். குழந்தைதான் எடுக்க வேண்டும் என்று கோதையைத் தூக்கிவந்து உட்கார வைத்தீர்கள். அவள் எடுத்ததை வாங்கி என்னிடம் நீட்டினீர்கள். “நீயே படிம்மா.”

‘பிசியோதெரபி’ என்றுதான் இருந்தது. நான் “கணக்கு” என்று படித்தேன். படித்த கையோடு சீட்டை அடுப்பில் போட்டேன்.

ஏன்? உங்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அம்மாவால் தனியாகக் கோதையைத் தூக்க முடியாது என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி நிஜம். மீதி பயம். பாஷை தெரியாத ஊர், அன்னிய ஆண்பிள்ளைகளின் கால். கேட்டபோது வீறாப்பாகக் கேட்டுவிட்டேன். கிடைத்ததும் பின்வாங்கிவிட்டேன்.

நீங்கள் தட்டில் மிஞ்சிய சீட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டீர்கள். “சரிம்மா. உனக்கு அதுதான்னா அதுவே இருக்கட்டும்.” பெருமாள் திருவுள்ளம் என்று சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் அதைச் சொல்கிறவர் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டு சீட்டிலும் ‘பிசியோதெரபி’ என்றே எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பாவின் வாயை அடைக்கப் பெருமாளிடமே திருட்டுத்தனம் செய்திருக்கிறீர்கள். அப்படியானால் நான் சொன்னது பொய் என்று அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரியும். எட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டீர்களே, ஒரு நாளாவது “ஏண்டி அப்படிப் படிச்சே?” என்று கேட்டிருக்கக் கூடாதா? ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? உங்கள் மேல் எனக்குக் கோபமாக வருகிறது. அழுகையை விட அதுதான் அதிகம் வருகிறது.

இங்கே எல்லாம் முடிந்துவிட்டது, அப்பா. நான் தென்னூரில் கணக்கு டீச்சர். தினமும் பஸ் ஏறிப் போய் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன். கோதைக்குப் பதினாறு வயதாகிறது. முழங்கால் இரண்டும் மடங்கி இறுகிவிட்டன. போன வாரம் பெரிய டாக்டரிடம் காட்டினோம்.

“சின்ன வயசிலேர்ந்து தினமும் பயிற்சி கொடுத்திருந்தா இவ்வளவு இறுகியிருக்காதும்மா. தெரிஞ்சவங்க யாராவது கூடவே இருந்திருக்கணும்” என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஜட்கா வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அழுவதைக் கோதை பார்த்துவிட்டாள்.

“விடுக்கா. அன்னிக்குச் சீட்டு எடுத்தது நான்தானே? என் கை தப்பானதை எடுத்துடுத்து. அதுக்கு நீ என்ன பண்ணுவே?”

எட்டு வருஷமாக அவள் தன் கையைத்தான் நொந்துகொண்டிருக்கிறாள், அப்பா. பெருமாளே தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. வீடு வந்ததும் வழக்கம்போல அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் விட்டேன்.

அவள் கால் இனி நிற்காது. எனக்கு மன்னிப்பும் கிடைக்காது; கேட்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இதை எழுதி முடித்ததும் அவளிடம் போய் உட்காருவேன். ‘கோதை, நீ சரியாகத்தான் எடுத்தாய். தப்பாகப் படித்தது நான்’ என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் மூத்த பெண்,
இந்த நிமிஷம் வரை கோதைக்கு அக்கா,
ரங்கநாயகி